டைம்கீப்பரின் பாத்தி

மார்ச் 3 என்று தேதியிட்ட ஒரு சீட்டு என்னிடம் இருக்கிறது. தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், பென்சிலில் எழுதிய நான்கு வரிகள்.

"1. பால் பாக்கெட் நிறுத்தியாகிவிட்டது. வந்தால் வாங்க வேண்டாம்.
2. முன்பக்க விளக்கை 6.30க்குப் போட்டு 5.45க்கு அணைக்கவும்.
3. செம்பருத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அரை வாளி.
4. பின்பக்கப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எவ்வளவு காய்ந்தாலும்."

கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் இரண்டு கோடுகள்.

எழுதியவர் கூடல்நகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். தபால்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். பெயரைப் போட வேண்டாம் என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை. அவரை அண்ணே என்றும் அவருடைய மனைவியை மதினி என்றும் கூப்பிட்டுப் பழகியவன் நான். இரத்த உறவு எதுவும் கிடையாது. பதினாறு வருடம் இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில்.

சீட்டின் நான்காவது வரியை நான் மீறினேன். அதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அண்டை வீட்டுக்காரர் ஆவதற்கு வெகுகாலம் முன்பே அவரைப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு உசிலம்பட்டியில் நூலக வேலை. தினமும் காலை 7.40 எழுமலை வண்டியில் போவேன். ஒருநாள் வண்டி ஏழரைக்கே நிரம்பிவிட்டது. படியில்கூட இடமில்லை. 7.37க்கு ஓட்டுநர் வண்டியை எடுத்தார். இரண்டடி நகர்ந்ததும் நின்றது. முன்னால் ஒரு மனிதர், வெள்ளைச் சட்டை, காதில் பென்சில், பம்பருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நிக்கவே எடமில்ல. இன்னும் யார ஏத்தச் சொல்றீக?" என்று ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"மூணு நிமிசம் இருக்கு."

"உள்ள ஆளுக வேகுதுண்ணே!"

"நேரம் ஆகல."

வண்டிக்குள் ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். நானும் மனதுக்குள் திட்டினேன். மூன்று நிமிடமும் அவர் அசையவில்லை. 7.40க்கு ஒதுங்கி, கையைக் காட்டினார். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு ஆள்கூட ஓடி வரவில்லை. ஓட்டுநருக்கு அதுதான் வேண்டியிருந்தது. வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தி, "யாருண்ணே வந்தா? எங்க அந்த ஆளு?" என்றார்.

"இன்னைக்கு வரல," என்றார் டைம்கீப்பர்.

நாளைக்கு வரப்போகிற ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உசிலம்பட்டி போய்ச் சேரும்வரை சிரிப்பு வரவில்லை.

பல வருடம் கழித்து, மதிலுக்கு இருபுறமும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அந்த நாளை நினைவுபடுத்தினேன். அவருக்கு ஞாபகமில்லை. அப்படி எத்தனையோ நாட்கள் இருந்திருக்கும். ஆனால் காரணம் சொன்னார். "பிந்திப் போற வண்டி ஆளக் காக்க வைக்கும். முந்திப் போற வண்டி ஆள விட்டுட்டுப் போயிரும். ரெண்டும் ஒண்ணா தம்பி?"

ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் குணம் அவரை விட்டுப் போகவில்லை. மதியச் சாப்பாடு 1.10. தேநீர் நான்கு. டி. கல்லுப்பட்டியில் மதினியின் உறவில் ஒரு கல்யாணம், நானும் போயிருந்தேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். இப்போதெல்லாம் தாலி ஏறுவதற்கு முன்பே முதல் பந்தி போட்டுவிடுகிறார்கள். எட்டரைக்கே கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பாய்ந்தது. இவர் மட்டும் மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"மாமா, பொங்கல் சூடா இருக்கு. வாங்க."

"தாலி ஏறட்டும்ப்பா."

மதினி சாப்பாட்டுக் கூடத்து வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "அவர விடுப்பா. எமனே வந்தாலும் செத்த உக்காருப்பா, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கும்பாரு!"

அந்தக் கல்யாண ஆல்பத்தைப் பிறகு பார்த்தேன். தாலி கட்டும் படங்களிலெல்லாம் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு வரிசை காலி நாற்காலிகள். நடுவில் இவர் ஒருவர், கையில் அட்சதையோடு.

அவருக்கு ஒரே மகள். நர்சிங் படித்தவள். இரண்டு வருடம் சாயங்காலங்களில் ஜெர்மன் வகுப்புக்குப் போயிருக்கிறாள்; வீட்டில் அதைக் கம்ப்யூட்டர் வகுப்பு என்று நினைத்திருந்தார்கள். விசா வந்து, டிக்கெட்டும் எடுத்த பிறகுதான் அப்பாவிடம் வந்து நின்றாள். அவர் மறுக்கவில்லை. "எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்து கேக்குறா. இது கேக்குறதா, சொல்றதா?" என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அவள் கிளம்பிய நாளில் விமான நிலையத்துக்கு மதினி மட்டும் போனார். இவர் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அதன்பின் ஐந்து மாதம் மகளோடு பேசவில்லை. போன் மணி அடித்தால் மதினி எடுப்பார். இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

ஐந்தாவது மாதக் கடைசியில், விடுமுறைக்கு வந்த ஒரு தோழியிடம் அவள் ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தாள். சாக்லேட், தைலம், கூடவே படம் போட்ட ஒரு விதைப் பாக்கெட். ஆஸ்பராகஸ், தண்டைச் சமைத்துச் சாப்பிடும் ஒரு செடி. மதினிக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி நாலு வரி இருந்தது. ஏப்ரல் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் சாலையோரக் கொட்டகைகளில் வரிசையில் நின்று இந்தக் குச்சியை வாங்குவார்கள், எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிற நோயாளிகள்கூட இதைச் சாப்பிடுவார்கள், நம் மண்ணில் வருமா என்று அப்பாவிடம் கேளுங்கள் என்று.

பாக்கெட் மூன்று நாள் அவருடைய கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடந்தது. நான்காம் நாள் போன் வந்தபோது அவர் எழுந்து போகவில்லை. மதினியின் கையிலிருந்து போனை வாங்கி, என்ன ஏது என்று எதுவும் விசாரிக்காமல், "எத்தன நாள் ஊறப் போடணும்?" என்று கேட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு மகளோடு பேசிய முதல் பேச்சு அது. மதினி இதை யாரிடம் சொன்னாலும் அந்த ஒரு வரியை அவருடைய குரலிலேயே சொல்வார்.

முப்பது விதையில் பதினொன்று பிழைத்தது. வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்கு நாலடி பாத்தி. ஐப்பசி மழையில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும் என்று அடியில் செங்கல் துண்டு போட்டு, மேலே மணலும் தொழு உரமும் கலந்து, தரையை விட ஒரு முழம் உயர்த்திக் கட்டினார். இந்தச் செடியைப் பற்றிப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. அதன் உறவுக்காரச் செடி ஒன்றின் கிழங்கை நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கிறார்கள் என்று தொடங்கினேன். அதில் அவருக்கு அக்கறையில்லை. முதல் இரண்டு வருடம் தண்டை வெட்டக்கூடாது, வெட்டினால் வேருக்குப் பலம் சேராது, மூன்றாம் வருடம்தான் முதல் அறுவடை என்று வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலதிகாரியிடமிருந்து வந்த உத்தரவைக் கேட்பதுபோல அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

இரண்டாம் வருடம் மண்ணைப் பிளந்துகொண்டு பெருவிரல் கனத்தில் தண்டுகள் வந்தன. பச்சை உடம்பு, ஊதா நுனி. எனக்கு நாக்கு ஊறியது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. எண்ணெயில வதக்கிப் பாப்போம்."

"நேரம் ஆகல தம்பி."

"ஒண்ணு வெட்டுனா வேருக்கு என்ன ஆயிரப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. எனக்கு ஆயிரும்," என்றார்.

தண்டுகள் அவர் கண் முன்னாலேயே உயர்ந்து, விரிந்து, ஆள் உயரத்துக்குப் பச்சைப் புகைபோல நின்றன. பூச்செண்டில் பின்னணிக்கு வைக்கும் தழை இதுதான் என்று கண்டுபிடித்துவிட்டார் தெருமுனையில் பூக்கட்டும் அக்கா. "சும்மா காத்துல ஆடிக்கிட்டுத்தானே கெடக்கு, ரெண்டு கொத்துக் குடுங்க" என்று வந்து நின்றார். அவரிடமும் நேரம் ஆகல என்றார் டைம்கீப்பர். "தழைக்குமா நேரம்? நல்லாத்தான் இருக்கு!" என்று அந்த அக்கா சொல்லிச் சிரித்தது தெரு முழுக்கக் கேட்டது. வேருக்குச் சோறு போடுவது அந்தத் தழைதான் என்று டைம்கீப்பர் அந்த அக்காவுக்கு விளக்கியதும் எனக்குக் கேட்டது. கடைசியில் செம்பருத்தி ஒரு கை கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் வருடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த நாட்டில் பனிக்காலம் வந்து செடியைத் தூங்க வைத்துவிடுகிறது. தூங்கி எழுந்தால்தான் கனத்த தண்டு வரும். மதுரையில் மார்கழிக் குளிர் மனிதருக்கே போர்வை கேட்காது. வெயில் நாடுகளில் தண்ணீரை நிறுத்தித் தாகத்தால் அதைத் தூங்க வைப்பார்கள் என்று நான் தேடிப் பிடித்துச் சொன்னேன். ஆகவே மாட்டுப்பொங்கல் அன்று பாத்திக்குத் தண்ணீரை நிறுத்தினார். மகள் ஏப்ரல் 20 வருகிறாள், பன்னிரண்டு நாள் விடுமுறை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஏப்ரல் 6 அன்று தண்ணீர் விடுவது என்று முடிவு செய்தார். அவளுக்கு அடுத்த விடுமுறை இரண்டு வருடம் கழித்துத்தான். அவள் அனுப்பிய விதையில் விளைந்ததை அவளுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும். அதுவும் சரியான நேரத்தில். அவர் அந்த மூன்று வருடமும் காத்திருந்தது இதற்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் மாதத்தில் எழுமலையில் மதினியின் தம்பிக்கு ஆபரேஷன். இருவரும் பதினைந்து நாள் துணைக்குப் போனார்கள். போகும்போது சாவியையும் அந்தச் சீட்டையும் என்னிடம் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் மாநகராட்சித் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வரும். வருகிற நாளில், புதுத் தண்ணீர் பிடிக்கக் குடத்திலும் டிரம்மிலும் மிஞ்சிய பழைய தண்ணீரைக் காலி செய்ய வேண்டும். அதைச் சாக்கடையில் கொட்ட இந்தத் தெருவில் யாருக்கும் கை வராது. செடிக்குத்தான் ஊற்றுவோம். சொந்தச் செடி நனைந்துவிட்டால் பக்கத்து வீட்டுச் செடிக்கு.

மார்ச் 9 அன்று தண்ணீர் வந்தது. பழைய தண்ணீர்க் குடத்தோடு மதிலோரம் நின்றேன். அந்தப் பக்கம் பாத்தி முழுக்க வைக்கோல் நிறம். விரல் நுழையும் அளவுக்கு மண் வெடித்திருந்தது. தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது தழை. நான்காவது வரி எனக்கு மனப்பாடம். தூங்க வைக்கத்தான் காயப்போட்டிருக்கிறார் என்பதும், அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்பதும் தெரியும். ஆனால் தூக்கத்துக்கும் சாவுக்கும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இது செத்துக்கொண்டிருக்கிறது, அவர் வந்து பார்த்தால் தாங்கமாட்டார் என்று தோன்றியது. மதில் வழியே ஒரு குடம் சாய்த்தேன். 13ஆம் தேதி இரண்டு குடம். 17ஆம் தேதி நான்கு.

18ஆம் தேதி மதியம் அவர்கள் வந்தார்கள். பையை வைத்ததும் அவர் நேராகப் பின்பக்கம் போனார். நானும் போனேன். குந்தி உட்கார்ந்து காய்ந்த தட்டைகளை விலக்கினார். உள்ளே ஈர்க்குச்சி கனத்தில் ஏழெட்டுப் பச்சை நுனிகள். ஒன்றிரண்டு அதற்குள் விரியத் தொடங்கியிருந்தன.

"எப்பத் தம்பி?"

"ஒம்பது, பதிமூணு, பதினேழு."

"எம்புட்டு?"

சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுபடி காயப்போட்டால் என்ன என்று கேட்டேன்.

"அரத்தூக்கத்துல எழுப்பிவிட்டுட்டு மறுபடி படுன்னா படுக்குமா? இனி இந்த வருசம் தழைய விட்டுற வேண்டியதுதான். வெட்டு இல்ல."

அதற்குள் மதினி வந்துவிட்டார். "ஏப்பா, நீ படிச்ச ஆளுதானே? எழுதியே குடுத்துட்டுப் போனாருல்ல? வாயில்லாச் செடி ஒன்னயத் தேடி வந்து தண்ணி கேட்டுச்சாக்கும்! எம்மக மூணு வருசங்கழிச்சு வாரவ. வந்து எதத் திங்கும்? இந்தத் தொடப்பக்குச்சியவா?"

அவர்தான் எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "விடு. தப்பு எம்மேல. ஊத்தாதன்னு எழுதுனேன். செத்தது மாதிரிதான் தெரியும், சாகாதுன்னு எழுதல." வாசல்படி வரை போனவர் திரும்பினார். "காஞ்சு கெடக்குறதப் பாத்துக்கிட்டுப் பதினஞ்சு நாளு சும்மா இருக்குறவங்கிட்ட வீட்டுச் சாவியக் குடுப்பனா நான்?"

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவேயில்லை. மதினி பேசினார், மகள் வருகிறவரை, தினமும்.

ஏப்ரல் 20 அன்று அவள் வந்தாள். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். நெஞ்சுயரம் வளர்ந்த தழைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"சித்தப்பா, நீங்கதானா அந்த மழை?" என்று சிரித்தாள்.

அப்பா பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் பாத்தியைத்தான் பார்த்தார்களே தவிர ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நேரில் பேச இருவருக்கும் இன்னும் பழக்கம் வரவில்லை என்று பட்டது. அவள் ஏதோ சொல்ல வேண்டுமே என்பதுபோலச் சொன்னாள்.

"அங்கனயும் ஜூன் இருபத்துநாலோட வெட்ட நிறுத்திருவாகப்பா. அதுக்கு மேல தொட மாட்டாக."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். "யாரு?"

"வெவசாயிகதான்."

"அம்புட்டுப் பேருமா?"

"அம்புட்டுப் பேரும்."

"நல்லா வெளஞ்சு நின்னாலும்?"

"நின்னாலும். அடுத்த வருசத்துக்கு வேணும்ல?"

ஒரு ஊரே தேதி பார்த்து நிற்பதை மனதில் வைத்துப் பார்க்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு, "சரியான ஊருக்குத்தான் போயிருக்க," என்றார்.

மூன்று வருடமாக அவள் எதிர்பார்த்திருந்த பேச்சு அது. அவள் குனிந்து ஒரு தழையை விலக்கி எதையோ தேடினாள். நிமிர வெகுநேரமாயிற்று. நிமிர்ந்து, "டீ போடவாப்பா?" என்றாள்.

"நாலு ஆகல."

பாத்தியின் மேற்கு மூலையில் ஒரு செடிக்கு மட்டும் என் குடத்துத் தண்ணீர் எட்டியிருக்கவில்லை. அது உண்மையாகவே தூங்கிக் கிடந்தது; மற்றவற்றுக்குத் தண்ணீர் விட்டபோதும் அவர் அதை எழுப்பவில்லை. ஏப்ரல் 25 கோடை மழை. மே 1 அன்று மாலை அந்த மூலையில் ஒரு தண்டு ஒரு சாண் உயரத்தில், பெருவிரல் கனத்தில், நுனி இறுகி நின்றதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். மறுநாள் காலை மகள் கிளம்புகிறாள்.

"அதையாவது வெட்டுங்களேன், பிள்ளைக்கு!" என்றார் மதினி.

"இந்த வருசம் வெட்டு இல்லைன்னாச்சு. ஒண்ணுக்கு ஒரு நேரம், இன்னொண்ணுக்கு ஒரு நேரமா?"

"வேணாம்மா, விடுங்க," என்றாள் மகள்.

மே 2 காலை அவளோடு விமான நிலையத்துக்கு இந்த முறை அவரும் போனார். அவர்கள் போன பிறகு செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றப் பின்பக்கம் போனேன். மூலையில் தண்டு இல்லை. குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்தேன். மண்ணுக்கு ஒரு விரல் கீழே, சாய்வாக, ஒரே வெட்டு. ஈரம் காயவில்லை.

மதியம் அவர் செருப்பைக் கழற்றும்போது கேட்டேன். "அண்ணே, மூலையில ஒண்ணு நின்னுச்சே?"

"அணிலா இருக்கும்."

"அணிலு கத்தி வச்சிருக்குமாண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. "மதுர அணிலு, தம்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மதினியைக் கேட்டேன். காலையில் இட்லி அவிக்கிற அவசரத்தில் தனக்கு அடுப்பைத் தவிர எதுவும் தெரியாது என்றார்.

அடுத்த வருடம் பாத்தி ஒழுங்காகத் தூங்கியது. பழைய தண்ணீரை நான் தெருவைக் கடந்து எதிர்வீட்டு வேப்பமரத்துக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். ஏப்ரலில் தண்டுகள் வந்தன. முதல் வெட்டை மதினி தேங்காய் போட்டுப் பொரியல் செய்தார். சரியாக 1.10க்கு அவர் முதல் வாயை எடுத்து வெகுநேரம் மென்றார். "முருங்கைக்காய்க்குப் பங்காளி மாதிரி இருக்கு," என்றார். எனக்கு அதில் இளம் பீன்ஸும் மழையில் நனைந்த புல்லும் தெரிந்தன. ஐந்து வீட்டுக்கு மும்மூன்று தண்டு போயிற்று. பூக்கட்டும் அக்காவுக்கும் உண்டு. மே 20 அன்று நிறுத்திவிட்டார். அன்று காலைகூட நல்ல தண்டாக மூன்று நின்றது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

அந்த ஆவணியில், ஒரு காலை நேரத்தில், மாரடைப்பில் போய்விட்டார். மகள் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாள். பாத்தியில் தழைதான் இருந்தது. வீட்டை விற்றார்கள். மதினி எழுமலைக்குத் தம்பி வீட்டோடு போனார். போகும்போது இரண்டு செடியை வேரோடு பெயர்த்து சிமெண்ட் சாக்கில் கட்டி எடுத்துப்போனார். இடம் மாறினால் கணக்கு முதலிலிருந்து. அங்கே இப்போது முதல் வருடம் நடக்கிறது. மற்ற ஒன்பதையும் வீடு வாங்கியவர்கள் தரை பூசும்போது எடுத்துவிட்டார்கள்.

மகள் திரும்பிப் போகிற அன்று அவளிடம் கேட்டேன். வேறு சமயம் வாய்க்காது என்று தோன்றியது. "மே ரெண்டாம் தேதி காலையில அந்த மூலையில நின்ன தண்டு ஒனக்குத்தானம்மா வெட்டுனாரு?"

"அப்பா என்ன சொன்னாங்க சித்தப்பா?"

"அணிலுன்னாரு."

பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தாள். "அப்ப அணிலுதான்," என்றாள்.

அவளுடைய இரண்டு வருகையில் வெட்டுக்கு நின்றது அந்த ஒரு தண்டு மட்டும்தான். தன் அப்பாவின் பாத்தியில் விளைந்ததை அவள் ஒருமுறையாவது சாப்பிட்டிருந்தால் அது அதுவாகத்தான் இருக்க முடியும். அதை வெட்டியது யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.